குளச்சலுக்கு ஒரு நாள்: அரண்மனையில் தொடங்கி கடற்கரையில் முடிக்க ஒரு வழிகாட்டி

கன்னியாகுமரிக்கு வரும் வெளியூர்க்காரர்களின் பயணம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் முடிகிறது. சூரிய உதயம், படகில் விவேகானந்தர் பாறை, திருவள்ளுவர் சிலை, வாசலில் சங்கு மாலை, அப்புறம் ரயில். கையில் இன்னும் ஒரு நாள் இருக்கிறது, என்ன பார்க்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் குளச்சலைச் சொல்வது வழக்கம்.

ஆனால் நேரே குளச்சலில் போய் இறங்காதீர்கள். அங்கே இருப்பது ஒரு மீன்பிடிக் கரையும், கரையோரம் ஒரு வெற்றித் தூணும். விஷயம் தெரியாமல் போனால் தூண் முன்னால் ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு ஐந்து நிமிடத்தில் திரும்பிவிடுவீர்கள். அந்தத் தூண் ஏன் அங்கே நிற்கிறது என்பதற்கான பதில் பத்மநாபபுரம் அரண்மனையிலும் உதயகிரிக் கோட்டையிலும் இருக்கிறது. முதலில் அந்த இரண்டையும் பார்த்துவிட்டு மத்தியானத்துக்கு மேல் கடலுக்கு இறங்குவதுதான் சரியான வரிசை.

கதை சுருக்கமாக

1729 முதல் 1758 வரை திருவிதாங்கூரை ஆண்டவர் மார்த்தாண்ட வர்மா. பக்கத்துச் சிற்றரசுகளை ஒவ்வொன்றாகத் தன் நாட்டோடு சேர்த்துக்கொண்டே போனார். அந்தச் சிற்றரசுகளிடம் மிளகு வாங்கிக்கொண்டிருந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அது வயிற்றில் அடித்த கதையாயிற்று. இலங்கையிலிருந்து கப்பலில் படை அனுப்பிக் குளச்சலில் இறக்கினார்கள். டச்சுக்காரர்கள் கரையில் அரண் கட்டிக்கொண்டு உட்கார, திருவிதாங்கூர்ப் படை வளைத்துக்கொண்டது. 1741 ஆகஸ்டில் டச்சுப் படை சரணடைந்தது. ஐரோப்பியக் கம்பெனி ஒன்று இந்திய அரசர் ஒருவரிடம் இப்படித் தோற்றது அந்தக் காலத்தில் சின்னச் செய்தி இல்லை.

பிடிபட்டவர்களில் யுஸ்டாசியஸ் டிலனாய் என்று ஒருவர். எதிரிப் படையின் அதிகாரியான அவரை அரசர் தன் படைக்கே பயிற்சியாளராக்கினார். பின்னாளில் அவர்தான் ‘வலிய கப்பித்தான்’, அதாவது பெரிய தளபதி. இந்த நாள் பயணத்தில் மூன்று இடங்களிலும் அவர் வருவார். பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

எந்த நாள், எந்த மாதம்

திங்கட்கிழமை வேண்டாம். அன்றைக்கு அரண்மனைக்கு விடுமுறை. தேசிய விடுமுறை நாட்களிலும் மூடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும், ஆனால் திருவனந்தபுரத்திலிருந்தும் கன்னியாகுமரியிலிருந்தும் சுற்றுலா வண்டிகள் வந்து குவியும். செவ்வாய் முதல் வெள்ளி வரை ஏதாவது ஒரு நாள் நல்லது.

தமிழ்நாட்டின் பல பகுதிகளைப் போல இங்கே மழை ஒரு பருவம் மட்டும் பெய்துவிட்டுப் போவதில்லை. ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு என்று இரண்டும் வரும். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை வெயிலும் கொஞ்சம் தணிந்திருக்கும். இன்னொரு கணக்கும் உண்டு. சென்னைப் பக்கம் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை என்றால், குளச்சல் இருக்கும் மேற்குக் கடற்கரையில் அது ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அந்த இரண்டு மாதத்தில் போனால் பெரிய படகுகள் ஓய்ந்து கிடக்கும், மீன் விலையும் ஏறியிருக்கும்.

மண்டைக்காட்டு அம்மன் கோயிலின் மாசிக் கொடை நடக்கும் பத்து நாட்களில் கடலோரச் சாலை முழுக்க நெரிசல். திருவிழா பார்க்கத்தான் வருகிறீர்கள் என்றால் சரி, வரலாறு பார்க்க என்றால் அந்த நாட்களைத் தவிருங்கள்.

கிளம்புவது

நாகர்கோவிலைத் தங்குமிடமாக வைத்துக்கொள்ளுங்கள். கன்னியாகுமரியிலேயே தங்கினால் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் வீணாகும். நாகர்கோவிலில் இரண்டு பஸ் நிலையங்கள் உண்டு. புதிதாக வருபவர்கள் குழம்புவது இங்கேதான். வடசேரி பஸ் நிலையத்திலிருந்து திருவனந்தபுரம், மார்த்தாண்டம், களியக்காவிளை போன்ற ஊர்களுக்கு வண்டிகள். மீனாட்சிபுரத்தில் இருக்கும் அண்ணா பஸ் நிலையத்திலிருந்து சுற்றுவட்டார ஊர்களுக்கு. காலையில் உங்களுக்கு வேண்டியது வடசேரி. மார்த்தாண்டம் போகும் எந்த வண்டியும் தக்கலை வழிதான், சுமார் 15 கிலோமீட்டர். சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை.

எட்டு மணிக்குள் வண்டி ஏறிவிடுங்கள். காலைச் சாப்பாட்டை நாகர்கோவிலிலேயே முடித்துவிடுவது நல்லது. புட்டு, பயறு, பப்படம் கிடைக்கும் கடையாகப் பார்த்து உட்காருங்கள். இட்லியை ஊரில் தினமும்தானே சாப்பிடுகிறோம்.

கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த மாவட்டத்தில் ஊர் முடிந்து ஊர் தொடங்குவது தெரியாது, வீடுகள் தொடர்ந்துகொண்டே இருக்கும், சாலைகள் குறுகல். வரைபடத்தில் 20 நிமிடம் என்று காட்டினால் 35 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பத்மநாபபுரம் அரண்மனை: காலை 9 மணி

தக்கலையில் இறங்கி ஆட்டோ பிடித்தால் அரண்மனை இரண்டு கிலோமீட்டர் தூரம்தான். பழைய கோட்டை மதிலுக்குள் நுழையும்போதே ஊரின் முகம் மாறுவதைப் பார்க்கலாம். கல்குளம் என்று இருந்த ஊரைத்தான் மார்த்தாண்ட வர்மா பத்மநாபபுரமாக்கினார். 1795 வாக்கில் தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது.

உள்ளே போனதும் ஒரு சின்னக் குழப்பம் வரும். இடம் தமிழ்நாடு, டிக்கெட் கொடுப்பது கேரள அரசு. 1956 நவம்பர் 1இல் இந்த மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபோது அரண்மனையின் நிர்வாகம் மட்டும் கேரளத்திடமே தங்கிவிட்டது. அறைக்கு அறை நிற்கும் ஊழியர்கள் தமிழிலும் விளக்கிச் சொல்வார்கள். கேட்டால்தான் சொல்வார்கள் என்பதால் கூச்சப்படாமல் கேளுங்கள்.

செருப்பை வெளியே விட வேண்டும். கேமராவுக்குத் தனிக் கட்டணம். மதியம் ஒரு மணியிலிருந்து இரண்டு வரை மூடிவிடுவார்கள். ஒன்பது மணிக்கே போய்விட்டால் கூட்டம் சேர்வதற்குள் நிதானமாகப் பார்க்கலாம். பதினொன்றுக்கு மேல் பள்ளிப் பிள்ளைகளின் வரிசைக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் எந்த அறையிலும் நிற்க முடியாது.

நிதானம் வேண்டியது முகப்பு மண்டபத்தில். அதைப் பூமுகம் என்பார்கள். மேலே மரக்கூரையைப் பாருங்கள், 90 பூக்கள், ஒன்று போல இன்னொன்று இல்லை. பக்கத்தில் குதிரை வீரன் விளக்கு தொங்குகிறது. மாடியில் அரசர் ஆலோசனை நடத்திய மந்திர சாலை. வெளிச்சமும் காற்றும் மரச் சட்டங்களின் வழியே வடிகட்டி வருவதால் உச்சி வெயிலிலும் அங்கே குளுமை இருக்கும். தரையைக் குனிந்து பாருங்கள். கறுப்பாக, முகம் தெரியும் அளவுக்குப் பளபளக்கும் அந்தத் தளம் சிமென்ட் கிடையாது. சுட்ட சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு என்று சேர்மானம் சொல்கிறார்கள். இத்தனை கால்கள் மிதித்தும் தேயாமல் கிடக்கிறது. படிகள் குறுகல், வாசல்கள் தாழ்வு. உயரமானவர்கள் தலையைக் காத்துக்கொள்ளுங்கள்.

ஊட்டுபுரையில் ஒரே சமயத்தில் 2,000 பேர் உட்கார்ந்து சாப்பிடலாம் என்பார்கள். தாய்க் கொட்டாரம்தான் இருப்பதிலேயே பழைய பகுதி. மூலிகை மரங்களால் செய்த கட்டிலைக் காட்டுவார்கள், பார்த்துவிட்டு நகருங்கள். நீங்கள் தேட வேண்டியது ஓவியம் ஒன்றை. மார்த்தாண்ட வர்மா நிற்க, அவர் முன்னால் டிலனாய் சரணடையும் காட்சி. மத்தியானம் நீங்கள் நிற்கப்போகும் கடற்கரையில் நடந்தது அது. ஊழியரிடம் ‘டச்சுக்காரர் சரணடைஞ்ச படம் எங்கே?’ என்று கேட்டாலே கைகாட்டுவார்.

வெளியே வந்ததும் நேரம் இருந்தால் அதே கோட்டைக்குள் இருக்கும் நீலகண்டசாமி கோயிலுக்குப் போய் வரலாம். மகா சிவராத்திரிக்குக் குமரி மாவட்டத்தில் பக்தர்கள் ஓடும் பன்னிரண்டு சிவாலயங்களில் இதுவும் ஒன்று. குமரி மாவட்டக் கோயில்கள் பலவற்றில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும், எனவே அதற்கேற்ற உடுப்போடு வாருங்கள். தக்கலையிலேயே ஞானக் கவிஞர் பீர் முகம்மது அப்பாவின் தர்காவும் இருக்கிறது.

உதயகிரிக் கோட்டை: பதினொன்றரை வாக்கில்

தக்கலையிலிருந்து நாகர்கோவில் பக்கம் கொஞ்சம் திரும்பி வந்தால் புலியூர்குறிச்சி. நெடுஞ்சாலையை ஒட்டியே கோட்டை. காலையில் பஸ்ஸில் அதைத் தாண்டித்தான் போயிருப்பீர்கள். உள்ளே வனத்துறை உயிரியல் பூங்கா நடத்துகிறது, மான்கள் உண்டு, நுழைவுச் சீட்டு உண்டு. குழந்தைகள் கூட வந்தால் மான்களிடமிருந்து அவர்களைப் பிரிப்பது சிரமம்.

ஏற்கெனவே இருந்த கோட்டையை 1741க்குப் பின் டிலனாயின் மேற்பார்வையில் கருங்கல் கொண்டு திரும்பக் கட்டினார்கள். நடுவில் ஒரு குன்று. பீரங்கி வார்க்கும் உலை இங்கே இருந்தது. பழைய ஆட்கள் ‘தில்லானைக் கோட்டை’ என்பார்கள், டிலனாய் என்ற பெயர் நம் வாயில் அப்படி ஆகிவிட்டது. கைதியாக வந்தவரின் பெயரையே ஊர் கோட்டைக்குச் சூட்டிவிட்டது என்றால் பாருங்கள்.

மரங்களுக்கு நடுவே நடந்து போனால் கூரை போன தேவாலயம் ஒன்று. நான்கு சுவர்கள் மட்டும் நிற்கின்றன. தரையோடு தரையாக இருக்கும் கல்லறைக் கற்களில் ஒன்று டிலனாயுடையது. லத்தீனிலும் தமிழிலும் பொறித்திருக்கிறார்கள். வழிப்போக்கனை நிற்கச் சொல்லித் தொடங்குகிறது லத்தீன் வாசகம். ஏறத்தாழ 37 ஆண்டுகள் அரசருக்கு விசுவாசமாகப் பணியாற்றினார், காயங்குளம் முதல் கொச்சி வரை நாடுகளைத் திருவிதாங்கூருக்கு அடக்கிக் கொடுத்தார், 1777 ஜூன் 1இல் இறந்தார் என்கிறது. அவருடைய மனைவியும் மகனும் அங்கேயே அடங்கியிருக்கிறார்கள். எழுத்துகள் மங்கல்தான். நடு உச்சி வெயிலில் நேரே பார்த்தால் படிக்க முடியாது. கல்லின் பக்கவாட்டில் உட்கார்ந்து, வெளிச்சம் சாய்வாக விழும் கோணத்தில் பாருங்கள், வரிகள் எழும்பி வரும். போனில் டார்ச் அடித்துப் பார்த்தாலும் சரி. பெரும்பாலானவர்கள் மானைப் பார்த்துவிட்டு இந்தப் பக்கமே வராமல் போகிறார்கள், உங்களுக்கு அமைதி கிடைக்கும்.

டிலனாயிடமிருந்து கிறிஸ்தவத்தைப் பற்றித் தெரிந்துகொண்டவர்தான் அரண்மனை அதிகாரியாக இருந்த நீலகண்ட பிள்ளை. 1745இல் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயமானார், 1752இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார், 2022 மே 15இல் வாடிகன் அவரைப் புனிதராக அறிவித்தது. அவர் தாகத்தில் முழங்கையால் இடித்ததும் நீர் சுரந்ததாக நம்பப்படும் முட்டிடிச்சான்பாறை, கோட்டைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

மத்தியானச் சாப்பாடு

தக்கலையிலோ திங்கள்நகரிலோ முடித்துவிடுங்கள். ‘சம்பாவா, வெள்ளையா?’ என்று அரிசியைக் கேட்பார்கள். சம்பா என்று சொல்லிப் பாருங்கள், பருமனான சிவப்பு அரிசி, தேங்காய் அரைத்த மீன்குழம்புக்கு அதுதான் பொருத்தம். மீனில் சாளை, அயிலை மலிவு, நெய்மீன் விலை கூடுதல். சாளையைப் பொரித்து வாங்குங்கள். கிழங்கு என்றால் இங்கே மரச்சீனி, அதாவது மரவள்ளி. மீன்குழம்போடு ஒரு தட்டு வாங்கி ஆளுக்குக் கொஞ்சம் பகிர்ந்துகொள்ளலாம். வெளியே பெட்டிக்கடையில் தொங்கும் குலைகளில் மட்டிப் பழம் எது என்று கேட்டு வாங்குங்கள். சின்னது, வாசனை தூக்கலாக இருக்கும், 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம்.

குளச்சல்: மூன்று மணிக்கு

தக்கலையிலிருந்து திங்கள்நகர் வழியாகக் குளச்சலுக்குப் பஸ் உண்டு. திங்கள்நகர் என்பது பலகையில்தான், பேச்சில் திங்கள்சந்தை. நேர் வண்டி வரவில்லையென்றால் காத்திருக்க வேண்டாம், திங்கள்சந்தை வரை போய் மாறிக்கொள்ளுங்கள்.

பஸ் நிலையத்திலிருந்து கடல் பக்கம்தான். வெற்றித் தூண் எங்கே என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தூணின் முன்னால் நிற்கும்போது கடலைப் பார்த்துத் திரும்பி நில்லுங்கள். கடலுக்குள் தலைகாட்டும் பாறைகள்தான் குளச்சலை இயற்கைத் துறைமுகமாக்கியவை. டச்சுக் கப்பல்கள் வந்து நின்றதும் இந்தக் கடலில்தான். அரண் கட்டிக்கொண்டவர்களின் வெடிமருந்தில் நெருப்புப் பிடித்து, வைத்திருந்த அரிசியும் போனதுதான் அவர்களைச் சரணடையத் தள்ளியது. ஊரில் சொல்லும் கதை வேறு. மீனவர்கள் துடுப்புகளைத் தோளில் நிமிர்த்திப் பிடித்து வரிசையாக நிற்க, தூரத்திலிருந்து பார்த்த எதிரிக்குப் பெரும்படையாகத் தெரிந்ததாம். எது எவ்வளவு உண்மையோ, கரையில் சாய்த்து வைத்திருக்கும் துடுப்புகளைப் பார்க்கும்போது அந்தக் கதையை நம்பத்தான் தோன்றுகிறது.

கரையில் வலை காயும், வள்ளங்கள் ஏற்றிக் கிடக்கும். வலையை மிதிக்காதீர்கள், சுற்றிக்கொண்டு போங்கள். ஆட்களைப் படம் எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள். ‘அக்கா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?’ என்றால், ‘எடு மக்ளே, மீனும் வாங்கிட்டுப் போ’ என்றுதான் பதில் வரும்.

காணிக்கை மாதா ஆலயத்துக்குப் போங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்தக் கரை பட்ட அடி மிகப் பெரியது. இறந்தவர்களுக்கு இங்கே நினைவிடம் இருக்கிறது. அங்கே படம் எடுக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். இங்கே அது 1741 போலப் பழங்கதை ஆகிவிடவில்லை, வீட்டுக்கு வீடு நினைவு வைத்திருக்கிறார்கள்.

ஊருக்குள் ஒரு பழைய கால்வாயும் தென்படும். திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியில் இணைக்க 1860இல் தொடங்கிய ஏ.வி.எம். (அனந்த விக்டோரியா மார்த்தாண்டம்) கால்வாய். மண்டைக்காட்டோடு வேலை நின்றுபோயிற்று. இப்போது பல இடங்களில் புதர்தான்.

மண்டைக்காடு, மணவாளக்குறிச்சி

குளச்சலிலிருந்து கிழக்கே கடலோரமாகப் போகும் பஸ்ஸில் ஏறினால் சில நிமிடங்களில் மண்டைக்காடு. பகவதி அம்மன் இங்கே பெரிய மண்புற்று வடிவில் இருக்கிறாள். பெண்கள் இருமுடி கட்டி வருவதால் பெண்களின் சபரிமலை என்று பெயர். கேரளத்திலிருந்து வரும் கூட்டம் அதிகம். தலைவலி தீர மண்டையப்பம் நேர்ந்துகொள்வது இங்கத்திய வழக்கம். கோயிலிலிருந்து சில நிமிட நடையில் கடல். கால் நனைப்பதோடு நிறுத்துங்கள்.

இதை அழுத்திச் சொல்கிறேன். இந்தக் கரையில் காற்றே இல்லாத நாளிலும் திடீரென்று பெரிய அலை எழும்பி இழுத்துவிடும். மீனவர்கள் அதைக் கள்ளக்கடல் என்பார்கள். 2024 மே மாதம் ராஜாக்கமங்கலம் பக்கத்தில் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் போனார்கள். கடல் எச்சரிக்கை இருக்கிறதா என்று காலையிலேயே செய்தி பாருங்கள். கரையில் ஒரு மீனவர் ‘இறங்காதீங்க’ என்றால் விவாதம் வேண்டாம்.

அடுத்து மணவாளக்குறிச்சி. கையில் மணலை அள்ளிப் பாருங்கள், கறுப்பும் சிவப்புமாகக் கனமாக இருக்கும். இல்மனைட், கார்னெட், மோனசைட் கலந்த மணல். 1909இல் ஐரோப்பாவுக்குப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்துதான் ஷாம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் இந்த ஊரைத் தேடி வந்தார். இப்போது மத்திய அரசு நிறுவனம் அந்த மணலைப் பிரித்தெடுக்கிறது. இறங்கி நேரம் செலவழிக்க வேண்டாம், பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தாலே போதும்.

முட்டம்: ஐந்து மணிக்குள்

வள்ளியாறு கடலில் சேரும் கடியப்பட்டணத்தைத் தாண்டினால் முட்டம். மண் செக்கச் சிவப்பாக மாறும். அந்தச் செம்மண் தேரியும் பாறைகளும் பல தமிழ்ப் படங்களில் பார்த்தவைதான். கலங்கரை விளக்கத்தில் ஏற வேண்டும் என்றால் வந்தவுடன் ஏறிவிடுங்கள், பொழுது சாயும்வரை காத்திருந்தால் பார்வையாளர் நேரம் முடிந்துவிடும். மேலிருந்து குளச்சல் பக்கக் கரை வளைந்து போவது தெரியும். பாறைகளில் ஈரம் பட்ட இடம் பாசி, செருப்போடு போகாதீர்கள். அலை தெறிக்கும் விளிம்பு வரை போய் நிற்பதும் வேண்டாம்.

சூரியன் மறைந்ததும் கூட்டம் ஒரே சமயத்தில் கிளம்பும். நாகர்கோவிலுக்கு வெள்ளிச்சந்தை வழியாக வண்டிகள் உண்டு. இருட்டிய பிறகு இடைவெளி அதிகம், அதனால் இறங்கும்போதே அடுத்த பஸ் எப்போது என்று கண்டக்டரிடமோ டீக்கடையிலோ கேட்டு வையுங்கள். கேட்ட கையோடு ஏத்தன்பழ பஜ்ஜியும் சுக்குக் காப்பியும். மாலையில் கிளம்பும் சென்னை ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் முட்டத்தை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொண்டு மண்டைக்காட்டிலிருந்தே மூன்றரைக்குள் திரும்பிவிடுங்கள். அப்படியானால் குளச்சலுக்கு ஒரு மணிக்கே போயிருக்க வேண்டும். கோட்டையில் மானைப் பார்க்கும் நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், கல்லறையைப் பார்க்கும் நேரத்தைக் குறைக்காதீர்கள். நாகர்கோவில் ரயில் நிலையம் கோட்டாறு பக்கம், இரண்டு பஸ் நிலையங்களிலிருந்தும் ஆட்டோ பிடித்துத்தான் போக வேண்டும்.